லெஸ் பிளாங்க்

லெஸ் பிளாங்க் (நவம்பர் 27, 1935 – ஏப்ரல் 7, 2013) ஓர் அமெரிக்க ஆவணப்பட இயக்குனரும் ஒளிப்பதிவாளரும் ஆவார். நாட்டார் இசைக் கலைஞர்கள், சிறுபான்மைச் சமூகத்தினர், ஊரோடு ஒட்டாமல் வாழ்ந்தோர் ஆகியோரைப் பற்றிப் பல படங்களை எடுத்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் பிறந்தார். நியூ ஓர்லியன்சிலுள்ள டுலேன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நாடகமும் பயின்றார். பின்னர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக்கலை கற்றார். தொழில் நிறுவனங்களுக்குப் படம் எடுத்துப் பிழைத்து வந்த இவர், 1967இல் பிளவர் பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தம் படங்களைத் தாமே வெளியிட்டார்.

படங்களின் இயல்பு

இவரது படங்களில் பின்னணி விளக்கவுரை பெரும்பாலும் இராது. பாடகர் பாடுவார், சமைப்பார், அண்டை வீட்டாரோடு பேசுவார். அவற்றிலிருந்து பார்வையாளரே அவரை அறிந்துகொள்ள வேண்டும். டெக்சாசின் புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸ் பற்றிய படம் இவ்வகையில் முன்னோடி எனலாம். 'சூலாஸ் ப்ரொண்டெராஸ்' (1976) டெக்சாஸ்–மெக்சிகோ எல்லைப்பகுதி இசையைப் பதிவு செய்கிறது. பாடல்களுக்கு நடுவே வயல்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்களும் வருகின்றன.

உணவு இவருக்கு இசைக்கு நிகரான பொருள். பூண்டைப் பற்றிய 1980ஆம் ஆண்டுப் படம் திரையிடப்படுகையில் அரங்கிலேயே பூண்டு வாட்டி மணம் பரவச் செய்வது இவர் வழக்கம்.

கனவுகளின் சுமை

1982இல் வெளியான இப்படமே ('பர்டன் ஆஃப் டிரீம்ஸ்') இவரது படங்களுள் மிகவும் அறியப்பட்டது. செருமானிய இயக்குனர் வெர்னர் ஹெர்சாக், 'பிட்ஸ்கரால்டோ' படத்திற்காகப் பெரு நாட்டின் காட்டில் ஒரு நீராவிக் கப்பலை மலைமேல் இழுத்ததை இது காட்டுகிறது. நாயகன் ஜேசன் ராபர்ட்ஸ் நோயுற்று விலகியதால் படப்பிடிப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. பிளாங்கின் ஒளிப்படக் கருவி இயக்குனரோடு நின்றுவிடவில்லை. கூலிக்கு வந்த பழங்குடியினரின் முகாமையும், பெண்கள் மரவள்ளிக்கிழங்கை மென்று உமிழ்ந்து 'மசாட்டோ' பானம் தயாரிப்பதையும் பொறுமையாகப் பதிவு செய்கிறது. ஒருவரின் கலைக்கனவுக்காகப் பிறர் எவ்வளவு உழைக்கலாம், எவ்வளவு இடருக்கு உள்ளாகலாம் என்ற கேள்வி, எவரும் வாய்விட்டுக் கேட்காமலேயே படம் முழுதும் நிற்கிறது. ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் மோரீன் காஸ்லிங்.

முடங்கிய படம்

1972–74 காலத்தில் பாடகர் லியோன் ரசல் பற்றி, அவர் தரப்பின் அழைப்பின் பேரில் பிளாங்க் ஒரு படம் எடுத்தார். அதில் பாடகரோடு ஓக்லகோமா மக்களும், நீச்சல்குளத்தின் அடியில் ஓவியம் தீட்டும் ஓவியரும், கோழிக்குஞ்சை விழுங்கும் பாம்பும் இடம்பெற்றனர். ரசல் வெளியீட்டிற்கு உடன்படவில்லை. பிளாங்க் நேரில் வரும் இலாபநோக்கற்ற திரையிடல்களில் மட்டுமே அதைக் காண முடிந்தது. பின்னர் அவரது மகன் ஹாரட் பிளாங்கின் முயற்சியால் 'எ போயம் இஸ் எ நேக்கட் பெர்சன்' 2015இல் திரையரங்குகளுக்கு வந்தது. பிளாங்க் அப்போது உயிருடன் இல்லை.

சிறப்புகள்

'கனவுகளின் சுமை' பிரித்தானிய அகாதமியின் ஆவணப்பட விருதைப் பெற்றது. 'சூலாஸ் ப்ரொண்டெராஸ்' படமும் பூண்டு பற்றிய படமும் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளன.