ஃபெஸ் நகரில் ஒரு நோன்புக் காலம்



2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் மொரோக்கோ நாட்டின் ஃபெஸ் நகருக்குச் சென்றிருந்தோம். அது ரமலான் மாதம். "நோன்புக் காலத்தில் போகிறீர்களே, கடைகள் மூடியிருக்குமே!" என்று சக ஆசிரியர்கள் எச்சரித்தனர். எனக்கோ அந்த மாதத்திலேயே அந்நகரைக் காண வேண்டும் என்ற ஆவல். காரணம், ஒரு கதை.

ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணியைப் பற்றி ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குக் கூறி வந்துள்ளேன். இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரிலிருந்து குடும்பத்தோடு ஃபெஸுக்குக் குடிபெயர்ந்தவர். தமக்குக் கிடைத்த பரம்பரைச் செல்வத்தைக் கொண்டு கி.பி. 859ஆம் ஆண்டு ரமலானில் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார்; பணி முடியும்வரை நாள்தோறும் நோன்பு நோற்றார் என்பது அக்கதை. அங்கே வளர்ந்த கல்விக்கூடத்தையே, இடையறாது இயங்கிவரும் உலகின் மிகப் பழைய உயர்கல்வி நிலையம் எனக் கின்னஸ் நூல் குறிக்கிறது. என் மாணவி ஒருத்தி இதனைக் கதைசொல்லும் போட்டியில் கூறிப் பரிசும் பெற்றாள்.

பயணத்திற்கு ஆயத்தமானபோது படித்த செய்தியொன்று என்னை உறுத்தியது. ஃபாத்திமாவின் கதையை நமக்குத் தரும் பழைய நூல், 14ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ சர்உ எழுதியது. இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி! மேலும், 20ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலைச் சீரமைத்தபோது பழைய கல்வெழுத்து வடிவில் பொறித்த மரப்பலகை ஒன்று வெளிப்பட்டது. ஹிஜ்ரி 263இல், அதாவது கி.பி. 877இல், இத்ரீசு அரச மரபைச் சேர்ந்த தாவூத் என்பவர் கட்டியதாக அது கூறுகிறது. அறிஞரிடையே விவாதம் முடியவில்லை. அப்படியானால், நான் இத்தனை ஆண்டுகள் கற்பித்தது என்ன?

1981இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்த பழைய நகரம் பகலில் அடங்கிக் கிடந்தது. சந்துகளில் கழுதைகள் சுமையோடு நடந்தன. முஸ்லிம் அல்லாதார் பள்ளிவாசலுக்குள் செல்ல அனுமதியில்லை. ஆகவே, வாயிலில் நின்றே முற்றத்தையும் நீரூற்றையும் பார்த்தோம். அந்தப் பலகையைக் காணும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை.

மாலை 6.30 நெருங்கியதும் சந்துகள் வெறிச்சோடின. பாங்கொலி கேட்டது. வாசனைப் பொருள் விற்கும் முதியவர் ஒருவர் கையசைத்து எங்களைத் தம் கடைக்குள் அழைத்தார். பேரீச்சம்பழமும் ஹரீரா என்னும் சூப்பும் தந்தார். பருப்பும் கொண்டைக்கடலையும் தக்காளியும் சேர்ந்த அச்சுவை, நம்மூர்ப் பள்ளிவாசல்களில் வழங்கும் நோன்புக் கஞ்சியை நினைவூட்டியது. நாள் முழுதும் பட்டினி கிடந்தவர், நோன்பு நோற்காத எங்களுக்கே முதல் கிண்ணத்தை நீட்டினார். பள்ளிவாசலைச் சுட்டி, "யார் கட்டியது?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். சிறிதும் தயங்காமல், "ஃபாத்திமா!" என்றார்.

பலகை சொல்வதும் வரலாறு. அந்தப் பதிலும் வரலாறுதான் என்று அப்போது எனக்குப் புலப்பட்டது. ஆனால், இரண்டும் ஒரே வகைச் சான்று அல்ல.

ஊர் திரும்பியதும் வகுப்பில் இரண்டையும் கூறினேன். பரிசு பெற்ற மாணவியின் முகம் வாடியது. "அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா, ஆசிரியர்?" என்றாள். "பொய் இல்லை அம்மா. நமக்கு உறுதியாகத் தெரியாததை உறுதிபோலச் சொல்லிவிட்டோம். தவறு என்னுடையது," என்றேன்.

அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு தன் கட்டுரை ஏட்டைத் திறந்து, "கட்டினார்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "என்பர்" என்று எழுதிச் சேர்த்தாள். அந்த ஒரு சொல்லை நான் கற்பித்திருக்க வேண்டும், அவளே கற்றுக்கொண்டாள்.