கோதுமை விளையாத நாட்டில் பாண்

மன்னர்களின் பட்டப்பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவன் ஒருவனிடம், அன்று காலையில் அவன் உண்ட உணவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவன் திகைத்து நிற்பான். அவனுடைய பாடநூல் அதற்கு விடை கூறவில்லை. ஆயினும், ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிவதற்கு அந்நாட்டு மக்களின் காலையுணவு சிறந்ததொரு சான்றாகும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. நமக்கு வேண்டிய கோதுமை முழுவதும் கப்பலேறியே வருகின்றது. எனினும், பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை பாணை அறியாத கிராமம் ஒன்று இன்று இல்லை. விளையாத ஒன்று எவ்வாறு அன்றாட உணவாயிற்று? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையின் ஒரு பகுதி ஏடுகளிற் கிடைக்கும். மறுபகுதி வீதியோரத்திற் கிடைக்கும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமுடையது. சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் அவ்வீதி வழியே சென்ற நாம், ஊருக்கு ஊர் இறங்கி, சிறு பேக்கரிகளின் பாணையும் பணிசையும், அவ்வவ்வூர் மக்கள் கூடைகளில் வைத்து விற்கும் தின்பண்டங்களையும் சுவைத்துச் சென்றோம். நாவுக்கு இனிமை தந்த அப்பயணம், சிந்தனைக்கும் நிறைந்த உணவைத் தந்தது.

முதலிற் சொற்களை நோக்குவோம். ‘பாண்’ என்பது போர்த்துக்கேயச் சொல். 1505 இல் இத்தீவில் காலடி வைத்த போர்த்துக்கேயர், தம் அப்பத்தோடு அதன் பெயரையும் விட்டுச் சென்றனர். பாண் வேகும் போறணையும், பழைய தலைமுறையினர் ‘விசுக்கோத்து’ என வழங்கிய பண்டமும், சமையல் நிகழும் குசினியும், உணவை வைக்கும் மேசையும், அமர்ந்துண்ணும் வாங்கும் அதே மொழியின் எச்சங்களே. பின்வந்த ஒல்லாந்தர், எண்ணெயிற் பொரிக்கும் ‘கொக்கிஸ்’ என்ற பெயரைத் தந்தனர். ஆங்கிலேயர் தந்த ‘பன்’ நம் நாவிற் ‘பணிஸ்’ ஆயிற்று. மூன்று ஏகாதிபத்தியங்களின் வருகையை நிரல்படக் கூறும் கல்வெட்டாக, ஒரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி விளங்குகின்றது!

இங்கு மற்றோர் உண்மையும் கருதற்பாலது. பாணைச் சிங்கள மக்களும் ‘பான்’ என்றே வழங்குகின்றனர். கொக்கிஸ் இன்றிச் சிங்களப் புத்தாண்டு நிறைவுறுவதில்லை. மாத்தளைப் பகுதியிற் கடதாசியிற் சுற்றி விற்கப்படும் ‘தலகுளி’யை வாயிலிட்டால், அது நம் எள்ளுருண்டையின் உடன்பிறப்பு என்பது விளங்கும். முதலையின் வடிவில் நீண்டு, மேலே சீனி தூவப்பெற்ற ‘கிம்புலா’ பணிசை யாழ்ப்பாணத்துச் சிறுவனும் அப்பெயராலேயே கேட்டு வாங்குகின்றான். அரசியல் மேடைகளிற் பிரிந்து நிற்போர், பேக்கரி வாயிலில் ஒரே சொல்லைப் பேசுகின்றனர்.

மாத்தளையைக் கடக்கும்போது, இவ்வீதியின் பழைய பயணிகளை நினையாதிருத்தல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மடிந்தோர் பலர். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அம்மலைகளிற் கொழுந்து பறிக்கின்றனர். கோதுமை மா ரொட்டியே அவர்தம் அன்றாட உணவு. விடியுமுன் தட்டிச் சுட்டு, கட்டிக்கொண்டு மலையேறுவதற்கு ஏற்றது அது. சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத மக்கள், தாம் விளைவிக்காத தானியத்தைத் தின்று, தாம் அருந்த முடியாத உயர்ரகத் தேயிலையை உலகுக்கு அனுப்புகின்றனர். அந்த ரொட்டியில் நம் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

பாண், நகரத்துக் கனவான்களின் மேசையிலிருந்து ஏழையின் குடிசைக்கு வந்தது சுவையினால் மாத்திரமன்று. 1942 இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தபோது, அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த இலங்கையின் உலைகள் கொதிக்க வழியின்றி நின்றன. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. யுத்தம் முடிந்தது, கோதுமைப் பழக்கம் முடியவில்லை.

யுத்தத்தின் பின்னரும் நம் ஆட்சியாளரின் விதியை உணவே தீர்மானித்தது. 1952 இல், மேலை வல்லரசுகளின் முகச்சுளிப்பையும் பொருட்படுத்தாது, சீனாவுடன் றப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. மறு ஆண்டிற் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஓகஸ்ட் 12 அன்று இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிகள் அவர்களுக்கு மறுமொழி கூறின. ஆயினும் அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வயிற்றின் குரலைக் கேளாத அரசு நிலைக்காது என்பது அன்று புலனாயிற்று.

அரிசியில் அடிவாங்கிய ஆட்சியாளருக்குக் கடனாகவும் உதவியாகவும் கிடைத்த கோதுமை மா வசதியாக அமைந்தது. அமெரிக்காவிலே தேங்கிக் கிடந்த தானியம், பின்னர் ‘சமாதானத்துக்கான உணவு’ என்னும் அழகிய பெயர் பெற்ற திட்டத்தின் வழியே 1954 முதல் வறிய நாடுகளை நோக்கிப் பயணமாயிற்று. இலங்கையும் அதனைப் பெற்றது. உதவியின் மறுமுகமும் விரைவிலே தெரிந்தது. அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை இலங்கை அரசு கையேற்றமைக்கு மறுமொழியாக, 1963 இல் அமெரிக்கா தன் பொருளுதவியை நிறுத்தியது. கொடுப்பவனின் கை எப்பொழுதும் கயிறொன்றைப் பிடித்திருக்கின்றது.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறியபோது, ஒரு றாத்தல் பாணுக்காக மக்கள் இருளோடு எழுந்து வரிசையில் நின்றனர். அக்காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் யாழ்ப்பாணக் கமக்காரனின் கையில் நான்கு காசு புரண்டது என்பதும் உண்மையே. கமக்காரனின் நன்மையும் கூலித்தொழிலாளியின் பசியும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தன. அக்காலத்தைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பின்னர் 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டது. 1980 இல் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் பாரிய மா ஆலை திருகோணமலைத் துறைமுகத்தில் இயங்கத் தொடங்கிற்று. இயற்கைத் துறைமுகங்களுட் புகழ்பெற்ற அத்துறை, நம் காலையுணவின் நுழைவாயிலும் ஆயிற்று.

தம்புள்ளையைத் தாண்டி வரண்ட வலயத்தினுள் நுழைந்ததும், வீதியோரத்து அடுப்புகளில் அவித்த சோளத்தின் ஆவி நம்மை வரவேற்றது. சேனைகளில் விளையும் சோளமும் குரக்கனும் அவ்வலயத்து உழவரின் பழந்துணைகள். சோளமும் ஒருகாலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. எனினும் அது நம் மண்ணில் வேரூன்றிற்று. வந்ததெல்லாம் அந்நியம் என்று தள்ளுதல் வரலாற்றறிவாகாது. நம் மண்ணில் நம் உழவன் விளைவிக்கக்கூடியது எது, என்றென்றும் பிறர் கையை நோக்கி நிற்கச் செய்வது எது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நில்லாது செல்லும் வாகனம் அரிது. தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பொட்டலம் கச்சான் வாங்கிக்கொண்டே பயணிகள் புறப்படுகின்றனர். தென்னமெரிக்காவிற் பிறந்த கச்சான் வன்னி மண்ணிலே வறுபட்டுப் பிள்ளையார் சந்நிதியில் விலையாகின்றது. ஆயினும் கச்சான் விற்கும் பெண்களின் வாழ்வு, அவ்வீதி திறந்திருப்பதையும் மூடியிருப்பதையும் பொறுத்தே அமைந்தது. 1990 இல் யுத்தம் அவ்வீதியை அடைத்தது. 2002 இல் அது திறந்தது. 2006 இல் மீண்டும் அடைபட்டது. 2009 இன் பின்னரே பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது. சமாதானம் என்பது மாநாட்டு மண்டபத்துச் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. முறிகண்டியில் அது ஒரு பொட்டலம் கச்சானின் விற்பனையாகவும் இருந்தது.

கிளிநொச்சியிலும் அதற்கு அப்பாலும் ‘பேக்கரி’ என்ற பெயருக்குப் பதிலாக ‘வெதுப்பகம்’ என்னும் பெயர்ப்பலகைகளைக் கண்டோம். 1990களில் வடக்கில் வழக்கூன்றிய சொல் அது. பெயர் தமிழாயிற்று, மா தமிழாகவில்லை. பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளில், எரிபொருளுக்கும் மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் மக்கள் பட்ட பாட்டை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. விறகு மூட்டும் போறணைகள் இருந்தும், போறணையில் இடுவதற்கு மா அரிதாக இருந்தது. தன் உணவு எங்கே அரைக்கப்படுகின்றது என்பதைத் தீர்மானிக்கும் வலிமையற்ற மக்களை முற்றுகையிடுதல் எளிது. சீனி அரிதாகிய காலங்களில், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த தலைமுறைக்குப் பனை கைகொடுத்தது. அந்தப் பனைகளும் பதுங்குகுழிகளுக்காகப் பெருந்தொகையில் தறிக்கப்பட்டன.

ஆனையிறவைக் கடந்து குடாநாட்டினுள் நுழைந்தால், பனையின் செல்வங்கள் சந்தைகளிற் பரந்து கிடக்கின்றன: பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல், பனங்காய்ப் பணியாரம். பருத்தித்துறையின் தட்டை வடையும், பயத்தம் பணியாரமும், அரியதரமும் உடன் அணிசெய்கின்றன. இவற்றைப் புகழ்ந்து பேசுவோர் ஒன்றை மறத்தலாகாது. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறிய தொழிலாளியின் பண்டம் இனித்தது. அவனுடைய பிறப்பை மட்டும் சமூகம் கசப்பாகக் கண்டது. தாழ்த்தப்பட்ட மக்களைத் தேநீர்க் கடையின் வாங்கில் அமரவிடாது, வெளியே நிறுத்திப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுத்த கொடுமை நம் பெற்றோர் கண்ணாற் கண்டது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் அக்கொடுமை தானாக ஒழியவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அவ்வாயில்களைத் திறந்தன. இன்று எவரும் சென்றமர்ந்து ஒரு பணிசும் தேநீரும் கேட்பது சாதாரண நிகழ்ச்சி. அச்சாதாரணத்தின் பின்னால் அடிபட்டவர்களின் குருதி இருக்கின்றது.

‘பாணை விட்டுப் பழமைக்குத் திரும்புவோம்’ என்று சிலர் உபதேசிக்கின்றனர். இவ்வுபதேசம் பெரும்பாலும் ஆண்களின் வாயிலிருந்தே வருகின்றது. விடியற்காலையில் எழுந்து அரிசி இடித்து, மா வறுத்து, பிட்டு அவித்து, இடியப்பம் பிழிந்த கைகள் யாருடையவை? பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் செல்லும் பெண்ணுக்கு, ஒரு றாத்தல் பாண் இரண்டு மணிநேர உறக்கத்தை மீட்டுக் கொடுத்தது. அவ்வுறக்கத்தைப் பறித்துப் பண்பாட்டைக் காப்பது எவ்வகை நியாயம்? முச்சக்கர வண்டியிற் பேதோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைதோறும் வரும் ‘சூன் பாண்’காரனுக்காகப் படலையில் காத்து நிற்கும் தாயைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.

அப்பெண்ணின் உறக்கத்துக்காக வேறொருவன் விழித்திருக்கின்றான் என்பதையும் கூறவேண்டும். ஊர் உறங்கும் வேளையில் மாவைக் குழைத்து, பொங்கவிட்டு, அச்சிலிட்டு, போறணையின் வெக்கையில் நின்று, கோழி கூவுமுன் பாணை வண்டியேற்றுபவன் பேக்கரித் தொழிலாளி. நாம் சென்ற சிறு பேக்கரிகளிற் பணிபுரிந்தோருட் பலர் இருபது வயதைக்கூடத் தாண்டாத இளைஞர்கள். அவர்கள் உறங்குவது மா மூட்டைகளின் அருகில். பகலொளியைக் காண்பது அரிது.

2022 ஆம் ஆண்டு நமக்குப் புகட்டிய பாடம் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கின்றது. அந்நியச் செலாவணி வற்றிற்று. அரசு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. உக்ரேனில் மூண்ட யுத்தம் கோதுமையின் விலையை உலகெங்கும் ஏற்றிற்று. எரிவாயு இன்றிப் பல பேக்கரிகள் கதவடைத்தன. பாணின் விலை ஏழையின் கைக்கெட்டாது பறந்தது. கருங்கடற் கரையில் வெடித்த குண்டு, அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்தில் ஒரு குழந்தையின் ரொட்டியைப் பாதியாக்கிற்று. 1942 இல் பர்மா வீழ்ந்தபோது நிகழ்ந்ததே 80 ஆண்டுகளின் பின் மீண்டும் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்திற் கொடி மாறிற்று. கப்பலை எதிர்நோக்கும் கண்கள் மாறவில்லை.

ஆகவே செய்யவேண்டியது யாது? பாணைப் பகைப்பதாற் பயனில்லை. குரக்கனும் சோளமும் அரிசி மாவும் பேக்கரிக்குட் புகுமாறு உழவனுக்கு நியாயவிலை உறுதிப்படுத்தப்படல் வேண்டும். 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்ற அமைப்புகளின் பயன், மரமேறும் தொழிலாளியின் அடுப்பை முதலிற் சென்றடைதல் வேண்டும். இரவில் உழைப்பவனுக்குப் பகலில் மனிதனாக வாழும் ஊதியம் கிடைத்தல் வேண்டும். மலையகத் தொழிலாளிக்குத் தான் விரும்பியதைப் பயிரிட ஒரு துண்டு நிலம் உரித்தாதல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வரலாற்றுப் பாடவேளையில், போர்த்துக்கேயர் வந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடாது, ஒரு துண்டுப் பாணை மேசையில் வைப்போமாக. இது யார் விதைத்த தானியம், எந்தக் கடனில் வந்தது, எவன் விழித்திருந்து சுட்டது, இதனை உண்ண இயலாதவர் யார் என்று மாணவரைக் கேட்கச் செய்வோமாக. அக்கேள்விகளைக் கேட்கப் பழகிய தலைமுறை, விடைகளையும் தானே தேடிக்கொள்ளும்.