வண்டிக்கு அடியில் ஒரு வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும், நாள்தோறும் நம் கண்முன் ஓடும் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்திலும் ஒரு வரலாறு மறைந்து கிடக்கின்றது. அதனைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. இன்று நாம் அவ்வாறு குனிந்து பார்ப்போம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பெய்த பெருமழையைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் எளிதில் மறவார். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் பழுதுபார்க்கும் பட்டறைகளில் கார்கள் வரிசையாக நின்றன. என்ஜின் கெட்ட வண்டிகள் பல. இருக்கை அழுகிய வண்டிகள் பல. இவற்றோடு, வெளியே தெரியாத ஒரு சேதமும் இருந்தது. தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் காரின் அடியில், அந்நீர் முன்னிருந்து பெருவிசையுடன் மோதும். அங்கே பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் கவசம் பழையதாயின், விரிசல் விட்டுத் தொங்கிப்போகும்.

இப்பிளாஸ்டிக் கவசம் எப்பொழுது வந்தது? அதற்குமுன் வண்டியின் அடியில் என்ன இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் தாம்பரத்தை விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றாலே போதும்.

பெருங்களத்தூரை அடுத்து, வண்டலூர் செல்லும் வழியில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒரு காலத்தில் இயங்கியது. 1948-இல் தோன்றிய இந்நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வண்டிகளை இங்கே உருவாக்கியது. 1961 முதல் இங்கிருந்து வெளிவந்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் சிறு கார் சென்னை மக்களின் அன்பைப் பெற்றது. இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். அதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி.

இந்த ஹெரால்டின் அடிப்பாகம் ஆராய்தற்குரியது. அக்காலத்தில் உலகின் பெரும்பாலான சிறு கார்கள், உடலும் சட்டமும் ஒன்றான அமைப்பிற்கு மாறிவிட்டன. ஹெரால்டோ தனிச் சட்டத்தின்மீது உடலைப் போல்ட்டால் பொருத்தும் பழைய முறையிலேயே அமைந்தது. இதற்குக் காரணம் வணிக உலகின் ஒரு நிகழ்ச்சியே. ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்குக் கார் உடல் செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனமொன்று 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. எனவே, வெவ்வேறு ஆலைகளில் சிறுசிறு பகுதிகளாகச் செய்து, பின்னர் ஒன்றாக இணைக்கத்தக்க உடல் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் நேர்ந்த அந்த இடர்ப்பாடு, இங்கே பழுதுபார்ப்போருக்கு வரமாக அமைந்தது. ஹெரால்டின் பானெட்டை முழுவதுமாக முன்புறம் கவிழ்த்துத் திறக்கலாம். என்ஜினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். அடியில் இருந்தவையெல்லாம் இரும்புத் தகடும் சட்டமுமே. தகடு துருப்பிடித்தால், டிங்கர் வேலை செய்பவர் அப்பகுதியை வெட்டி எறிந்து, புதுத் தகட்டை அளந்து வெல்டு வைத்துவிடுவார். சம்மட்டியும் வெல்டிங் கருவியும் உள்ள எந்தப் பட்டறையிலும் அது நடக்கும்.

1988-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர் வாழ்விழந்தனர். அவ்விடத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன. ஆயினும், ஹெரால்டுகள் உடனே மறைந்துவிடவில்லை. செய்தவன் போன பின்னும் அவை ஓடின. அவற்றைக் காத்தது பட்டறைக்காரரின் கைத்திறனே.

இனிப் பிளாஸ்டிக்கின் வருகையைக் காண்போம். 1953-இல் ஜெர்மானியரான கார்ல் சீக்லர் புதியதொரு வினையூக்கியைக் கண்டார். அதன் வழியில் சென்ற இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டா, 1954-இல் பாலிபுரோப்பிலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கை உருவாக்கினார். 1963-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீரைவிட இலேசானது; துருவேறாதது; உருக்கி அச்சில் வார்த்தால் எவ்வளவு வளைவான வடிவமும் ஒரே வார்ப்பில் கிடைக்கும். கார் செய்வோர் இதனை விரும்பியதில் வியப்பில்லை. என்ஜினின் அடிக் கவசமும் சக்கர வளைவின் உட்கவசமும் இத்தகைய பிளாஸ்டிக்கால் ஆயின. சேறும் நீரும் பெல்ட்டிலும் மின்கம்பி இணைப்பிலும் படாமல் காப்பதும், வண்டியின் அடியில் காற்று தடையின்றிச் செல்ல உதவுவதும் அவற்றின் பணிகள்.

1991-இல் நம் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. அதே ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலைநகரில், ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. 1999-இல் 'ஐகான்' கார் அங்கிருந்து வந்தது. இரும்பு அடித்தகட்டின் காலம் கழிந்து, பிளாஸ்டிக் கவசத்தின் காலம் இப்பகுதியில் தொடங்கிற்று.

ஆனால், பிளாஸ்டிக்கிற்கும் முதுமை உண்டு. என்ஜினின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து, அது நெகிழ்ச்சியை இழக்கின்றது. பின்னர் ஒரு வேகத்தடையில் உரசினாலே போதும், விரிசல் காணும். அவ்விரிசல் பெரும்பாலும் கிளிப்போ திருகாணியோ செல்லும் துளையின் ஓரத்திலேயே தொடங்கும். ஏன்? 1913-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இங்கிலிஸ் என்னும் பொறியியலறிஞர் இதற்கு விடை தந்தார். இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளை ஒன்று இருந்தால், அதன் ஓரத்தில் இழுவிசையின் தாக்கம் மூன்று மடங்காகும். துளை ஒடுங்கிக் கூர்மையாக ஆக ஆகத் தாக்கம் மேலும் பன்மடங்காகும். விரிசலின் முனையைவிடக் கூரியது வேறில்லை. ஆதலின், தொடங்கிய விரிசல் தானே வளர்கின்றது.

அறிந்த மெக்கானிக், விரிசலின் முனையில் முதலில் ஒரு சிறு வட்டத் துளையிடுகிறார். கூர்முனை வட்டமாகிவிடுகின்றது, விரிசலின் ஓட்டம் நிற்கின்றது. இங்கிலிஸின் பெயரை அவர் கேள்வியுற்றிருக்கமாட்டார். ஆயினும், அவ்வறிஞரின் கணக்கை அவர் கை அறியும்.

அடுத்து இணைக்கும் வேலை. சாதாரணப் பசை பாலிபுரோப்பிலீனில் ஒட்டாது. பகுதியின் உட்புறத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் பார்த்து, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைத் தேர்ந்து, விரிசலைச் சிறிது அகழ்ந்து, சூடான காற்றால் இரண்டையும் உருக்கி ஒன்றாக்குதல் வேண்டும். பின்புறம் மெல்லிய கம்பி வலையைப் பதித்தால் வலிமை கூடும். பழைய இரும்பு வெல்டிங்கின் தம்பி என்றே இதனைச் சொல்லலாம். ஆனால், நொறுங்கும் அளவுக்கு முதிர்ந்த கவசத்தை மாற்றுவதே முறை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுத்தல் கூடாது. உறுதியான தாங்கிகள் வைத்தல் வேண்டும். தொங்கும் கவசத்தோடு வண்டியை ஓட்டுதலும் தகாது. அது கழன்று சாலையில் விழுந்தால், பின்னே வரும் இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கே உலை வைக்கும்.

2021-இல் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. உதிரிப்பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறியது. எனினும், வண்டிக்கு வயது ஏற ஏற, அடிக் கவசம் போன்ற சிறு பகுதிகளைத் தேடி உரிமையாளர் அலைவது எவ்வகைக் காருக்கும் நேர்வதே. ஒரே சாலை, இரண்டு தொழிற்சாலைகள், இரண்டு முடிவுகள். இரு முறையும் வண்டிகள் தம்மைச் செய்த ஆலையைக் கடந்து வாழ்ந்தன.

மாணவர்களே, பொருளைச் செய்யும் அறிவை நம் கல்லூரிகள் கற்பிக்கின்றன. அதனைப் பழுதுபார்த்துக் காக்கும் அறிவோ பெரும்பாலும் பட்டறைகளிலேயே, எழுதப்படாமல் வாழ்கின்றது. ஹெரால்டின் தகட்டை வெட்டி ஒட்டிய கைகள் பல இன்று ஓய்ந்துவிட்டன. அவை அறிந்தவற்றை எழுதிவைத்தார் அரியர். அடுத்த முறை உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒருவர் விரிசலின் முனையில் துளையிடக் கண்டால், சற்று நின்று, "ஐயா, இது எதற்காக?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் குறித்துவையுங்கள். அதுவும் வரலாறே.