சட்டாம்பிள்ளையும் ஸூம் வகுப்பும்: படிப்பித்ததில் படித்தது யார்?

2022 யூனில் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் பூட்டுப்பட்ட நேரம், கலைப்பீடத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து உயர்தரப் பிள்ளைகளுக்கு ஸூமில் வரலாறு படிப்பிக்கத் தொடங்கினோம். காசு வாங்கவில்லை. பெரிய சேவை செய்கிறோம் என்ற பெருமை உள்ளுக்குள் இருந்ததுதான்.

ஒருநாள் கோல்புறூக் சீர்திருத்தம். 1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது என்று சொல்லி, கரண்ட் போகமுதல் முடிக்கோணும் என்று ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு தங்கச்சி மைக்கைத் திறந்து கேட்டா: "அண்ணா, வடமாகாணத்துக்குள்ள அநுராதபுரம் எப்பிடி வந்தது?"

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இதே பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்து கம்பஸ் வந்தவர்கள்தான் நாங்கள்.

அன்றிரவு தேடி வாசித்தோம். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1818இல் பெரிய கிளர்ச்சி நடந்தது. 'கண்டி' என்ற தனி அடையாளத்தைக் கரைப்பதற்காக அதன் நிலங்களைத் துண்டு துண்டாகக் கரையோர மாகாணங்களோடு சேர்த்தார்கள். அநுராதபுரம் இருந்த நுவரகலாவிய வடக்கோடு வந்தது அப்படித்தான். 1873இல் வடமத்திய மாகாணம் உருவானபோதுதான் அது பிரிந்தது. நாங்கள் பாடமாக்கிய 'ஐந்து' ஒரு வெறும் எண் இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது புதுக் கதை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தன்னுடைய ஆசிரியர்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. எட்டு வயதுப் பெடியன் ஒருவனிடம் வகுப்பைக் குடுத்தார், அவன் செய்துகாட்டினான். 1797இல் பெல் லண்டனில் அதை அறிக்கையாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. படிப்பிக்கிற பிள்ளை தானும் நல்லாப் படிக்கும் என்பதும் அந்த முறைக்காகச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று.

ஆனால் அது பரவியதற்கு இன்னொரு காரணம், செலவு குறைவு. சம்பளமில்லாத பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர்கள் கொஞ்சப்பேர் போதும். சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்ததோ, பாடமாக்கியது மட்டும்தான். எங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கு. எங்கட இலவச வகுப்பு, ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களுக்குச் சாட்டாகிவிடக் கூடாது.

அடுத்த வகுப்பில் முதலில் அந்தத் தங்கச்சிக்கு மறுமொழி சொன்னோம். டேட்டா போட்டு வந்தது அவ. கூடப் படிச்சது நாங்கள். இதைச் சேவை என்று சொல்லமுதல், அந்தக் கணக்கை ஒருக்கா நினைச்சுப் பாப்பம்.