மன்னருக்குத் துடுப்பு வலித்த கடல் மக்கள்

ஜொகூர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது செனாய், கூலாய், லாயாங் லாயாங் வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்கள்தாம். தோட்டங்கள் வருவதற்கு முன்பு இந்த மாநிலத்தின் வரலாறு தண்ணீரின் மேல்தான் நடந்தது. ஆறுதான் சாலை. அந்த வரலாற்றில் அரியணையில் அமர்ந்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. அவர்களை அங்கே அமர்த்தியவர்கள் யார்? படகையே வீடாகக் கொண்டு தீவுக்குத் தீவு அலைந்த கடல் மக்கள், ‘ஒராங் லாவுட்’.

பலெம்பாங்கிலிருந்து தப்பி வந்த இளவரசர் பரமேஸ்வரா 1400-ஆம் ஆண்டையொட்டி மலாக்காவை நிறுவினார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவரோடு கூட வந்தவர்கள் இந்தக் கடல் மக்கள் என்பதைப் போர்த்துகீசியரான தோமே பிரெஸ் 1512-க்கும் 1515-க்கும் இடையில் எழுதி வைத்திருக்கிறார். நாடு அமைந்ததும் அவர்களுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்ததாம். நீரிணையின் ஒவ்வொரு பாறையும் நீரோட்டமும் அறிந்தவர்கள் அவர்கள். போகிற கப்பலை மலாக்காவுக்குத் திருப்பவும், திரும்ப மறுத்தால் மடக்கவும் அவர்களால் முடியும். துறைமுகச் சுங்கத்தில் வாழ்ந்த அரசுக்கு இதைவிட வேறு படை எதற்கு?

1511-இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபோது இந்த உறவு சோதனைக்குள்ளானது. சுல்தான் மாமுட் பிந்தான் தீவுக்குப் போனார். 1526-இல் அதுவும் அழிக்கப்பட்டது. 1528-இல் கம்பாரில் இறந்தார். கோட்டை போனது, நகரம் போனது. கடல் மக்கள் மட்டும் போகவில்லை. அவர் மகன் ஜொகூர் ஆற்றங்கரையில் மீண்டும் ஓர் அரசைத் தொடங்க முடிந்ததற்கு அவர்களுடைய படகுகளும் துடுப்புகளும்தாம் முதல். நிலத்தை இழந்த அரசன் அரசனாகவே இருக்கலாம். கடல் மக்களை இழந்தால்?

அந்தக் கேள்விக்குப் பதில் 1699-இல் வந்தது. அதைப் புரிந்துகொள்ள ‘செஜாரா மெலாயு’வைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். ஜொகூரின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் 1612-இல் சீர்செய்த நூல் என்பது மரபு. மலாய் அரச குலத்தின் மூதாதையாக அது ‘கெலிங்’ நாட்டுப் பேரரசன் ஒருவனைச் சொல்கிறது. அவன் படையெடுத்து வந்து ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையை வீழ்த்துகிறான். கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கிக் கடலடி இளவரசியை மணக்கும் கதையும் உண்டு. பிரதிக்குப் பிரதி பெயர்கள் சூலான், சூரான், சோழான் என்று மாறுகின்றன. 1025-இல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கிய நினைவு ஆறு நூற்றாண்டு கழித்து இப்படி எதிரொலிக்கிறது என்று கருதுவோர் பலர். (அந்தக் கருங்கல் நகரம் ஜொகூர்க் காட்டில் இருப்பதாக 2005-இல் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. சான்று இல்லை என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது.)

அதே நூலில் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. அரசன் குடிகளை இழிவுபடுத்தக் கூடாது. குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யக் கூடாது. 1699-இல் கோத்தா திங்கியில் தொழுகைக்குப் பல்லக்கில் போன சுல்தான் இரண்டாம் மாமுட் குத்திக் கொல்லப்பட்டார். கர்ப்பிணி மனைவி அரசரின் பலாச்சுளையைத் தின்றதற்காகக் கொல்லப்பட்டாள், அவள் கணவன் பழிதீர்த்தான் என்பது வழிவழிக் கதை. வாரிசு இல்லை. பெண்டஹாரா அரியணை ஏறினார்.

பிரபுக்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடல் மக்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் கட்டுப்பட்டது பழைய அரச இரத்தத்துக்கு. கொலையுண்ட சுல்தானின் மகன் நானே என்று சொல்லிக்கொண்டு 1718-இல் ராஜா கெச்சில் சுமத்ராவிலிருந்து படகுகளோடு வந்தபோது அவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். தலைநகரம் விழுந்தது. அவர் உண்மையில் மகன்தானா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். கடல் மக்கள் நம்பினார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

உலகின் மறுகோடியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. நார்வேயிலிருந்து கடலோடிகள் வந்து குடியேறிய தீவுகள் அவை. நார்வே அரியணைக்குக் கட்டுப்பட்டவை. 1468, 1469-இல் டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட மன்னர் முதலாம் கிறிஸ்டியன், மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக இரண்டையும் ஸ்காட்லாந்து மன்னரிடம் அடகு வைத்தார். மீட்கவே இல்லை. அடகுப் பேச்சில் தீவு மக்களுக்கு இடமில்லை. அந்த விதத்தில் நம் நீரிணைக் கடல் மக்களின் சொல்லுக்கு எடை அதிகம்.

அந்த எடை நீடிக்கவில்லை. 1722-இல் புகிஸ் வீரர்கள் ராஜா கெச்சிலை விரட்டிச் சுலைமானை அரியணையில் அமர்த்தினார்கள். அரசனின் கடற்படை என்ற இடம் கடல் மக்களிடமிருந்து கைமாறியது. 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்வைத்த பிறகு, காலாங் ஆற்றில் படகில் வாழ்ந்தவர்களைத் தெமெங்கோங் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு மாற்றினார். அங்கே அம்மை நோய் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட்டது. செனாய்ப் பக்கமிருந்து மேற்கே தெரியும் பூலாய் மலையில் பிறந்து கடலுக்குப் போகிறது அந்த ஆறு.

இன்று ஜொகூர் நீரிணைக் கரையில் வாழும் ஒராங் செலெத்தார் மக்களும் இந்தக் கடல் மரபில் வந்தவர்கள். மீனும் நண்டும் பிடிப்பவர்கள். கடல் மண்ணிட்டு நிரப்பப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தபோது, பாக்கார் பத்து, சுங்கை தெமோன் கிராமத்தினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களது மரபு நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது.