முன்தோட்டம் மோட்டார்க் கொட்டகை ஆன கதை

தலைநகரில் குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளி நிறுவியதையும் கோயில் எழுப்பியதையும் சங்கம் கண்டதையும் விரிவாக எழுதுவர். வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே கிடந்த பத்துப் பன்னிரண்டு அடி மண்ணைப் பற்றி எவரும் எழுதக் காணோம். இன்று அம்மண் பெரும்பாலும் சிமெண்டுக்குக் கீழே போய்விட்டது. அது அங்கு எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்தது என்பதை நம் காலனி அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். வாசலுக்கு முன்னே தோட்டம் என்பது நம் மரபு அன்று. நம் ஊர் வீடுகளில் திண்ணையை விட்டு இறங்கினால் தெரு. வாசல் தெளிப்பதற்கும் கோலம் இடுவதற்கும் உரியது. வாழை, முருங்கை, கறிவேப்பிலை, கிணறு, மாட்டுக் கொட்டில் எல்லாம் கொல்லைப்புறத்தில் இருந்தன. வண்டியை அவிழ்த்து விடுவதும் வீட்டின் பக்கத்திலோ பின்னாலோ தான். முன்புறம் புல்லும் பூவும் வளர்த்து, வீட்டைச் சற்றே உள்ளே தள்ளிக் கட்டும் வழக்கம் ஆங்கிலேயரின் பங்களாவோடு வந்தது.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931-இல் புது தில்லி திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் லட்யென்ஸ் முதலியோர் கட்டடங்களையும், மஸ்டோ என்னும் தோட்டக்கலை அதிகாரி சாலை மரங்களையும் வகுத்தனர். பெரிய அதிகாரியின் பங்களாவில் வீடு நடுவே நின்றது, முன்னே புல்தரை, மோட்டார் நிறுத்தும் கொட்டகையும் வேலையாட்கள் வீடுகளும் பின்னே. குமாஸ்தாவுக்குக் கட்டிய வீடோ அந்தப் பங்களாவைச் சுருக்கிய நகல். முன்புல்தரையைச் சுருக்கிக் கொடுத்தார்கள். மோட்டார்க் கொட்டகையைக் கொடுக்கவில்லை. குமாஸ்தா மோட்டார் வாங்குவான் என்று அன்று எவர் கனவு கண்டார்? பின்னால் விளைந்த தொல்லை அனைத்துக்கும் வித்து இந்த ஒரு விடுபாடே என்பது என் துணிபு.

கோடையில் சிம்லாவும் குளிரில் தில்லியுமாக அரசாங்கம் இடம் மாறிய காலத்திலேயே நம்மவர் கோப்புக் கட்டுகளோடு கூட வந்தனர். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவே, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என வழங்கும் அமைப்பு 1923-இல் தோன்றியது. 1947-க்குப் பின் அகதிகளுக்காக லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் முதலியன எழுந்தன. அரசாங்க ஊழியருக்கு, அந்நாளில் வினய் நகர் எனப்பட்ட சரோஜினி நகரும், அதன் பின் ராமகிருஷ்ணபுரமும் வந்தன. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம், நாம் டி.டி.ஏ. என்று வழங்குவது, ஏற்பட்டது. ஜனக்புரி போன்ற பெரிய காலனிகள் அதன் கைவேலை. எங்கும் அதே அமைப்பு: கீழ்த்தள வீட்டுக்கு முன்னே ஒரு துண்டு நிலம், சுற்றிலும் மருதாணி வேலி.

நம் பெண்டிர் அந்தத் துண்டு நிலத்தைக் கண்டதும் செய்தது என்ன? புல்லைக் கொத்தி எறிந்துவிட்டுக் கறிவேப்பிலைக் கன்று நட்டனர். சமையலறைக் கழிவுநீர் போகும் பக்கம் வாழை, மூலையில் முருங்கை, பூசைக்கு அரளியும் பவழமல்லியும், நடுவே துளசி. கொல்லைப்புறம் முன்வாசலுக்குக் குடிபெயர்ந்தது என்றே சொல்லலாம். கறிவேப்பிலை தில்லியின் குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாது இரங்குவாள். ஹோலிப் பண்டிகை கழிந்ததும் துளிர்க்கும். அதன் பின் அவளே ஒரு கொத்துக் கேட்டு வருவாள். 1965-இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஜன்பத் 10-ஆம் எண் மனையில் தம் புல்தரையையே உழுது பயிரிட்டார். நம்மவர் அதை முன்பே செய்துகொண்டிருந்தனர்!

வண்டி வந்த கதைக்கு வருவோம். முதலில் வந்தது ஸ்கூட்டர். பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொருளாதலால், அதனைத் தெருவில் விட மனம் வருமா? படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வராந்தாவில் ஏற்றினர். அதற்கு ஓரடி அகலப் பாதை போதும், செடிகள் பிழைத்தன. காரோ 1958 முதல் அம்பாசடர், அதனோடு பியட் என்று இருந்ததே தவிர, நம் நிலையில் உள்ளவர் அதைத் திருமணக் காலத்தில் வாடகைக்குப் பிடித்ததோடு சரி.

1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். விலை ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். ஆயினும் விலையைக் காட்டிலும் நீளமே நம் கதைக்கு முக்கியம். அம்பாசடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், அதாவது பதினான்கு அடி. மாருதி 800-இன் நீளம் சுமார் 3.3 மீட்டர், அதாவது பதினோரு அடி. பன்னிரண்டு அடித் தோட்டத்தில் அம்பாசடர் நுழையாது, மாருதி நுழையும். நம் முன்தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றியது இந்த மூன்றடி வேறுபாடு தான்.

1991-க்குப் பின் வங்கிக் கடன் எளிதாயிற்று. ஆறாவது சம்பளக் குழுவின் நிலுவைத் தொகையும் 2008-ஐ ஒட்டிக் கைக்கு வந்தது. வேலை நடக்கும் முறையை யாவரும் பார்த்திருப்பர். மருதாணி வேலி ஒரே நாளில் போகும். இரண்டரை அடிக் கதவு எட்டடி இரும்புக் கதவாகும். முதலில் செங்கல்லைக் குத்துக்கல்லாகப் பரப்புவர்; செங்கல் இடையே புல் முளைக்கும்; அது அழுக்கு என்று மறு ஆண்டே சிமெண்டு பூசுவர்; பிறகு வழுவழுப்பான ஓடு பதிப்பர். தெருவோரச் சாக்கடையின் மேல் ஒரு சரிவுமேடை கட்டுவர். அந்த இடம் நகராட்சியுடையது என்பது எவர் நினைவுக்கும் வாராது. தரையின் வாட்டம் மட்டும் தெருவை நோக்கியே இருக்கும். மழைநீர் நம் வீட்டுக்குள் வரலாகாது அல்லவா?

அந்நீரைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு இது இயல்பு. தில்லியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. இருபது சதுர மீட்டர் முன்தோட்டத்தில் விழும் நீர் 15,000 லிட்டர். முன்பு அதில் ஒரு பங்கேனும் மண் குடித்தது. இன்று முழுவதும் தெருவுக்கு ஓடி, ஆடி மாதத்தில் நம் வாசலிலேயே முழங்கால் அளவு நிற்கிறது. 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுவோர் மழைநீர் சேமிப்பு அமைக்க வேண்டும் என்று 2001-இல் விதி வந்தது. மண்ணை மூடிவிட்டு, அதற்குள்ளேயே குழி தோண்டிக் குழாய் வழியே நீரை இறக்குகிறோம். மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. நம் கதவுகளுக்குள் இருந்த முருங்கைக்கோ அரளிக்கோ அத்தகைய காவல் ஏதும் இருந்ததில்லை.

இத்தனையும் செய்ததால் இடம் கூடியதா? இதைத்தான் அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். எட்டடிக் கதவு வைத்த வீட்டின் முன் வேறு எவரும் வண்டி நிறுத்த இயலாது, நிறுத்தினால் சண்டை. முன்பு அந்த எட்டடித் தெருவில் ஒரு கார் நின்றது. இப்போது உள்ளே ஒரு கார் நிற்கிறது. வெளியே ஒன்றும் நிற்பதில்லை. கூட்டிக் கழித்தால் மிச்சம் பூஜ்யம், இழந்தது தோட்டம். மேலும், 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நான்கு மீட்டருக்கு மேற்படாத சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அதனால் கார்கள் எல்லாம் நான்கு மீட்டரைத் தொட்டும் தொடாமலும் வளர்ந்தன. நான்கு மீட்டர் என்பது பதின்மூன்று அடி. பன்னிரண்டு அடி இடத்தில் மாருதியை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கியவரின் கதவு இன்று மூடுவதில்லை. வண்டியின் மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மாடி வீட்டாரின் குறை வேறு வகை. கீழ்த்தளத்தார்க்கு உள்ளே இடம், வெளியே கதவு மறிப்பு. மூன்றாம் மாடிக்காரர்க்கு இரண்டும் இல்லை. ஒரே படிக்கட்டில் இருபது ஆண்டுகள் தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொண்ட இரு தமிழ்க் குடும்பங்கள், இக்காரணத்தால் பேச்சை நிறுத்தியதை நம் காலனியிலேயே பார்த்தோம். பெயர் வேண்டா.

ஜப்பானில், வண்டி நிறுத்த இடம் உண்டு என்று சான்று காட்டினால்தான் கார் வைத்துக்கொள்ளலாம் என்னும் சட்டம் 1962-இல் வந்தது. தில்லியின் முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1962-இல் தான். இங்கு அத்தகைய விதி வேண்டும் என்று மத்திய அமைச்சர் வெங்கையா நாயுடு 2016 டிசம்பரில் பேசினார். இருப்புப்பாதையில் ஒரு சரக்கு வேகன் நிற்கவேண்டிய நேரத்துக்கு மேல் நின்றால் டெமரேஜ் உண்டு. தெருவில் ஆண்டு முழுவதும் நிற்கும் காருக்கு டெமரேஜ் கேட்பவர் எவர்? 2007-இல் வெளியான பெருந்திட்டம், ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டர் வேண்டும் என்று கணக்கிடுகிறது. நம்மில் பலர் புதுமணத்தில் குடித்தனம் நடத்திய அறை அதைவிடச் சிறியது.

சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழும் என்று 2018-இல் மக்கள் தெருவில் இறங்கினர். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அங்கு புதிதாக எழும் அடுக்குமாடிகளில் குமாஸ்தாவுக்கும் மோட்டார்க் கொட்டகை உண்டு, நிலத்துக்கு அடியிலே. முன்தோட்டம் என்ற ஒன்று திட்டப்படத்தில் இல்லை.

நம் காலனியில் மட்டும், இரண்டாவது வரிசையில், ஓர் அன்பர் பழைய பங்களாக்களின் வண்டிப்பாதையைப் பார்த்து வேறு விதமாகச் செய்திருக்கிறார். சக்கரம் ஓடும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு இரண்டு கல்வரிசை. மற்றது முழுவதும் மண். நடுவில் புல், சுவரோரம் துளசியும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. செலவு, முழுவதும் ஓடு பதிப்பதில் பாதிக்கும் குறைவு என்கிறார். பார்க்க விரும்புவோர் காலையில் அவர் வண்டியை எடுத்துச் சென்ற பின் போகலாம். அவர் துணைவியார் இன்முகத்துடன் காட்டுவார். கறிவேப்பிலையும் ஒரு கொத்துத் தருவார்.