கிராம்வெல் எழுதின கடிதமும் எழுதாத கடிதமும்

இன்னொரு நாட்டில் மதத்தின் பேரால் ஜனங்களை அடித்து விரட்டுகிறார்கள் என்று ஒரு அரசாங்கம் வாயைத் திறந்தால் போதும், ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "இது எங்க உள்நாட்டு விவகாரம், கேக்க நீங்க யாரு?" இன்னொண்ணு, "உங்க வீட்டுல என்ன வாழுதாம்?" இதெல்லாம் ஐ.நா. சபை வந்தப்புறம் கண்டுபிடிச்ச பதில்கள்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். இல்லீங்க. 1655-லேயே ரெண்டுக்கும் இடம் இருந்திருக்கு. அந்தக் கதைதான் இது.

இடம், ஆல்ப்ஸ் மலையின் இத்தாலிப் பக்கம். டூரின் நகருக்கு மேற்கே சில பள்ளத்தாக்குகளில் வால்டென்சியர் என்று ஒரு சின்னக் கிறிஸ்தவக் கூட்டம். 12-ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்து வியாபாரி வால்டோ என்பவரின் வழியில் கிளம்பியவர்கள். லூதருக்கு ரொம்ப காலம் முன்னாடியே ரோமாபுரியோடு ஒத்துவராமல் போனவர்கள். 1532-ல் சீர்திருத்தச் சபைகளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களை ஆண்டவர் சவாய் டியூக், கத்தோலிக்கர். 1561-ல் போட்ட ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் அவர்கள் தங்கள் வழக்கப்படி கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் காலப்போக்கில் பல குடும்பங்கள் கீழே சமவெளிப் பக்கமும் இறங்கி வந்துவிட்டன. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

1655 ஜனவரியில் உத்தரவு வந்தது. கீழே இருப்பவர்கள் ஒன்று கத்தோலிக்கராக மாறணும், இல்லாவிட்டால் மூன்றே நாளில் மேலே போய்விடணும். ஆல்ப்ஸ் மலை, ஜனவரி மாசம், முழங்கால் அளவு பனி. கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடும் விடவில்லை. ஏப்ரலில் பியனெஸ்ஸா பிரபு தலைமையில் படை வந்தது. தங்க இடம் வேணும் என்று வீடுகளுக்குள் புகுந்த சிப்பாய்கள் ஏப்ரல் 24 அன்று வெட்ட ஆரம்பித்தார்கள். செத்தவர்கள் 1,700 பேர் வரை என்று ஒரு கணக்கு. எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்களுக்குள் தகராறு உண்டு, கொலை நடந்ததில் தகராறு இல்லை.

செய்தி மே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே அப்போது ராஜா கிடையாது. 1649-ல் ராஜாவின் தலையை வெட்டிவிட்டு, 1653 டிசம்பரிலிருந்து ஆலிவர் கிராம்வெல் 'காப்பாளர்' என்ற பட்டத்தோடு நாட்டை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய அரசில் வெளிநாட்டுக் கடிதங்களை லத்தீனில் எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமோ? ஜான் மில்டன். ஆங்கில இலக்கியம் படித்தவர்களை மிரட்டுகிற அதே மில்டன்தான் :-) அப்போது அவருக்குக் கண் பார்வை முழுசாகப் போய்விட்டிருந்தது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதணும். மே மாதக் கடைசியில் அப்படித்தான் கடிதங்கள் கிளம்பின. சவாய் டியூக்குக்கு ஒண்ணு, பிரான்ஸ் ராஜாவுக்கு ஒண்ணு, ஸ்வீடன், டென்மார்க், ஹாலந்து, சுவிட்சர்லாந்து என்று புராட்டஸ்டண்ட் நாடுகளுக்கெல்லாம் தனித்தனியாக. (இந்தப் படுகொலை பற்றி மில்டன் ஒரு கவிதையும் எழுதினார். அதுதான் இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் நிற்கிறது.)

கடிதத்தோடு நிறுத்தவில்லை. நாடு முழுக்க ஒரு நாள் உபவாசம், வீடு வீடாக வசூல். கிராம்வெல் தன் பங்காக 2,000 பவுண்டு போட்டார். மொத்தம் சுமார் 38,000 பவுண்டு சேர்ந்தது, அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கிற தொகை. சாமுவேல் மார்லண்ட் என்ற முப்பது வயசு இளைஞரைத் தூதராக டூரினுக்கு அனுப்பினார்கள். (பின்னாளில் கூட்டல் கழித்தல் போடும் இயந்திரம் செய்த மார்லண்ட் இவரேதான்.)

டியூக்கின் முகத்துக்கு நேரே, நீரோ மாதிரி ஆட்கள் உயிரோடு எழுந்து வந்தாலும் வெட்கப்படுவார்கள் என்கிற தோரணையில் மார்லண்ட் லத்தீனில் பேசினார். தூதர் பேசுகிற பேச்சா அது! பதில் சொன்னது டியூக்கின் அம்மா கிறிஸ்தீன். இருபது வயசுப் பிள்ளைக்குப் பின்னால் நின்று ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர். அவர் பதிலின் சாரம், கலகக்காரப் பிரஜைகளுக்கு ஒரு தகப்பன் ஸ்தானத்திலிருந்து கொடுத்த மென்மையான தண்டனையை யாரோ உங்களிடம் திரித்துச் சொல்லிவிட்டார்கள் என்பது. உள்நாட்டு விவகாரம், கலகக்காரர்கள், வதந்தி... வரிசை அப்படியே இருக்கு பாருங்க.

ஆக, கடிதம், பேச்சு எதற்கும் சவாய் அசையவில்லை. அசைத்தது வேறு. அந்தச் சமயம் பிரான்ஸின் முதல் மந்திரி கார்டினல் மசரினுக்கு, ஸ்பெயினோடு நடக்கும் யுத்தத்தில் இங்கிலாந்தின் நட்பு அவசரமாக வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயார். கிராம்வெல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலை ஜனங்கள் விஷயம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம். மசரினுக்கோ தர்மசங்கடம், சவாய்ப் படையோடு பிரெஞ்சுச் சிப்பாய்களும் போயிருந்தார்கள். அவர் டூரினை நெருக்கினார். 1655 ஆகஸ்டில் பினரோலோ ஊரில் உடன்படிக்கை ஆயிற்று. நவம்பரில் இங்கிலாந்து - பிரான்ஸ் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

வெற்றின்னு சொல்லலாமா? பாதிதான். இங்கிலாந்து, ஹாலந்து தூதர்கள் வந்து சேருவதற்குள் பிரெஞ்சுத் தூதர் அவசர அவசரமாகப் பேச்சை முடித்துவிட்டார். வால்டென்சியருக்கு 'பொது மன்னிப்பு' கிடைத்தது (வெட்டுப்பட்டவனுக்கு மன்னிப்பு!). மேலே கும்பிடும் உரிமை திரும்ப வந்தது, கீழே இருந்த நிலபுலன்கள் பெரும்பாலும் போனது போனதுதான். 1663-ல் மறுபடி சண்டை, 1686-ல் இன்னும் பெரிய துரத்தல். முழுக் குடியுரிமை கிடைக்க 1848 ஆயிற்று. 2015-ல் போப் பிரான்சிஸ் டூரினில் அவர்களுடைய கோயிலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

இப்போ ரெண்டாவது பதிலுக்கு வருவோம். உங்க வீட்டுல என்ன வாழுதாம்?

அயர்லாந்து. 1649-ல் ட்ரோகெடாவில் கிராம்வெலின் படை செய்த கொலைகள் தனிக் கதை. 1653-ல் பாதிரிமார்களை நாட்டைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. அதைத் தொடர்ந்த வருஷங்களில், நிலம் வைத்திருந்த கத்தோலிக்கர்களை ஷானன் ஆற்றுக்கு மேற்கே கனாட் பகுதிக்குப் போகச் சொல்லிக் கெடு. ஒரு கூட்டத்தை நல்ல நிலத்திலிருந்து கிளப்பி, ஒதுக்கின மூலைக்குப் போ என்பது. சவாய் உத்தரவும் அதேதானே? ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வருஷங்களில். லண்டனிலேயே 1654-ல் ஜான் சவுத்வர்த் என்ற வயதான பாதிரியாரை, பாதிரியாராக இருந்த குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். இதற்கெல்லாம் மில்டன் கடிதம் எழுதவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஊருக்கு உபதேசம்! ஆனால் கொஞ்ச நேரம் யோசித்தபோது ஒன்று உறைத்தது. குகையில் பதுங்கியிருந்த வால்டென்சியக் குடும்பத்திடம் போய், "உங்களுக்காகப் பேசுறவன் கை சுத்தமில்லை, அதனால பேச வேணாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

கை சுத்தமா என்ற கேள்வி தப்பில்லை. யார் கேட்கிறார்கள் என்று பார்க்கணும். அயர்லாந்துக்காரன் கேட்டால் அது நியாயம். சவாய் டியூக் கேட்டால் அது தப்பிக்கிற வழி.

கதையில் ஒரு சின்ன மிச்சமும் இருக்கு. நட்பான பிறகு மசரின் திருப்பிக் கேட்டார், உங்க நாட்டுக் கத்தோலிக்கர்களைக் கொஞ்சம் விட்டுவையுங்களேன் என்று. 1656 டிசம்பரில் கிராம்வெல் பதில் எழுதினார். வெளிப்படையாக அறிவிக்க இப்போதைக்கு முடியாது, ஆனால் சத்தமில்லாமல் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறேன், இன்னும் செய்யப் பார்க்கிறேன் என்கிற மாதிரி. அடுத்தவனைக் கேள்வி கேட்டவன், தன்னைக் கேட்டபோது கொஞ்சமாவது நெளிந்திருக்கிறான். கேட்காமலே இருந்திருந்தால் அந்த நெளிவும் இருந்திருக்காது.

அதனால் இப்போதெல்லாம் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கண்டனக் கடிதம் எழுதினால், நான் ரெண்டு விஷயம் பார்க்கிறேன். எழுதினதோடு எதையாவது பணயம் வைத்தார்களா? அதே கடிதம் அவர்களுக்குத் திரும்பி வந்தால் பிரித்துப் படிப்பார்களா? முதல் கேள்வியில் கிராம்வெல் பாஸ். ரெண்டாவதில்... நீங்களே மார்க் போட்டுக்கோங்க.